டிக்கெட் புத்தகம் வேண்டாம் சிஸ்டர், கரண்டியைக் கொடுங்கள்

அரிசி டிரம்முக்குள் கையை விட்டால் ஆழாக்கு தட்டுப்படும். அன்றைக்கு ஒரு புத்தகம் தட்டுப்பட்டது. மஞ்சள் அட்டை, உள்ளே இருபது சீட்டு, ஒன்று இருபது ரூபாய். மேலே 'பள்ளிக் கட்டட நிதி - மாபெரும் குலுக்கல்'. முதல் பரிசு மிக்சி. மூன்று சீட்டுதான் கிழிந்திருந்தது. மீதிப் பதினேழையும் நாலாவது படிக்கிற என் மகள் அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறாள்.

திட்டவில்லை. ஏன்டி என்று மட்டும் கேட்டேன். "மாடி வீட்டு ஆன்ட்டி போன வருஷமே வாங்கிட்டேன்னு சொல்லிட்டாங்க. அயர்ன்காரத் தாத்தா பாவம்மா. அப்புறம் யாருகிட்ட கேக்கறது?"

முழுப் புத்தகமும் விற்றவர்களின் பெயரைக் கரும்பலகை ஓரத்தில் நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார்களாம். ஏழு பேர். அதில் ஆறு பேருக்கு அவரவர் அப்பாவே மொத்தப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார் என்பது வகுப்புக்கே தெரியும். எந்த வீட்டில் நானூறு ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியும், எந்த வீட்டில் முடியாது என்பதை நாங்களே செலவு செய்து பலகையில் எழுதிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இதை எழுதினால் உடனே "மிஷன் ஸ்கூல்னாலே வசூல்தான்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களுக்கு அவல் கொடுக்க நான் எழுதவில்லை. பெரம்பூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளியில்தான் நானும் படித்தேன். எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது முருகன் படம். மகளின் வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஆகஸ்ட் 15 அன்று மாதா விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தினமும் ஒன்றாக வரும். பூசை முடிந்து கொடியேற்றி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே லட்டாகக் கொடுப்பார்கள். ஏன் ரெண்டு லட்டு இல்லை என்று நான் கேட்டேன். இன்று என் மகள் கேட்கிறாள்.

வெளியே இருப்பவர்களுக்கு எங்களுடையது மாதிரி அரசு உதவி பெறும் பள்ளியின் கணக்கு புரியாது. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. பாடப்புத்தகம், சீருடை, மதியச் சத்துணவு எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே இங்கும் உண்டு. ஆனால் கட்டடம் நிர்வாகத்தின் தலையில். மழைக்கு ஒழுகுகிற மூன்றாம் வகுப்பு மொட்டை மாடி, கழிவறை கழுவுகிற அக்காவின் சம்பளம், மோட்டார் காயில் போனால் அந்தச் செலவு, எல்லாமே பள்ளியை நடத்துகிற சிஸ்டர் பார்க்க வேண்டியதுதான். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்று கெடுபிடி வந்தது. வர வேண்டிய கெடுபிடிதான், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சான்று கையில் வருவதற்கு முன்னால் விரிசல் அடைக்கக் கொத்தனார் வர வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வந்தது. பிரைவேட் ஸ்கூல் ஃபீஸைக் கூட்டிக்கொள்ளும். நடுவில் நிற்கிற எங்களுக்கு இருப்பது மிக்சிக் குலுக்கல்.

காலை உணவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது 2025 ஆகஸ்ட் 26-ல். மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தார். நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருஷம். எதிர்ச் சாரியில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் கிச்சடி சாப்பிட்டு வருவார்கள். எங்கள் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் திங்கள்கிழமை அசெம்பிளியில் தலை சுற்றி உட்காருவார்கள். ஆபீஸ் ரூம் பீரோவுக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் எப்போதும் இருக்கும். ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் கொடுத்ததும், இப்படி வசூலானதும்தான் அந்த டின்னுக்குள் போனது. அதனால் வசூல் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளிக்க எனக்கு வராது.

என் சண்டை, யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான்.

போன மாதக் கடைசி சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் உணவுத் திருவிழா வைத்தோம். மைதானம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு வேப்பமரமும் ஒரு கொடிக்கம்பமும் போக மீதியிருக்கும் இடம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் யாரிடமும் பணம் கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். என்ன செய்யத் தெரியும் என்று மட்டும் கேட்பது. ஒரு நோட்டில் எழுதினேன். ஆட்டோ ஓட்டுகிற மூன்று அப்பாக்கள், காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றி வருவது. ஒரு அம்மா, இருநூறு பேருக்கு இஞ்சிச் சட்னி. ஒருவர் சவுண்ட் சர்வீஸில் வேலை பார்க்கிறார், மைக் செட் அவர் பொறுப்பு. மாதா கோயில் பங்கிலிருந்து அன்பியத்துக்காரர்கள், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுவினர், அடுப்பும் அண்டாவும் கொடுத்தார்கள். ஒன்றாவது படிக்கிற ஒரு பையனின் பாட்டி, "எனக்கு ஒண்ணும் தெரியாது, பாத்திரம் தேய்ப்பேன்" என்றார். எழுதிக்கொண்டேன். அன்று ராத்திரி கடைசியாகக் கிளம்பியது அவர்தான்.

காசிமேட்டிலிருந்து கூடை எடுத்து எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்காவின் பேத்தி மூன்றாவது படிக்கிறாள். போன வருஷம் டிக்கெட் புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தவர். இந்தத் தடவை விடியற்காலையில் வந்து ஐந்து கிலோ நெத்திலியை இறக்கினார். உட்கார்ந்து தலையைக் கிள்ளிச் சுத்தம் செய்து, மசாலா தடவி, அவரே எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். பேப்பர் கப்பில் ஒரு பிடி முப்பது ரூபாய். பதினொரு மணிக்குத் திறந்த கடை பன்னிரண்டரைக்குக் காலி. இவ்வளவு மீனைச் சும்மா கொடுத்தால் உனக்குக் கட்டுமா அக்கா என்று கேட்டேன். "காசு கேட்டா இல்லன்னுடலாம் பாப்பா. மீனு கேட்டா எப்டி இல்லன்றது?" என்றார். மத்தியானம் அவர் பேத்தி தோழிகளை இழுத்துக்கொண்டு வந்து, எங்க ஆயா கடை என்று காட்டிவிட்டுப் போனாள். கரும்பலகை நட்சத்திரம் கிடக்கட்டும்.

மூன்று மணிக்கு ஹவுஸி, மைக்கில் நம்பர் சொல்லச் சொல்லக் கையிலிருக்கும் சீட்டில் அடிக்கிற ஆட்டம். பெரம்பூர்க்காரர்களுக்கு ஹவுஸியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரயில்வே குடியிருப்பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடமிருந்து எங்கள் அம்மாக்களுக்கு ஒட்டிக்கொண்டது. எங்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மிஸ் ஒருவர் மைக்கைப் பிடித்து "டூ ஃபேட் லேடீஸ், எய்ட்டி எய்ட்" என்பார். பக்கத்தில் நின்ற இரண்டாம் வகுப்பு டீச்சர் அதைத் தமிழாக்கி "ரெண்டு குடம், எம்பத்தெட்டு" என்றார். அரை மணியில் கூட்டமே கூடச் சேர்ந்து கத்தியது. ஹவுஸியும் சூதாட்டம்தானே என்று வீட்டுக்காரர் என்னை மடக்குகிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக எந்தப் பிள்ளையையும் வாசல் வாசலாக அனுப்பவில்லையே.

குலுக்கல் சீட்டு மேல் எனக்கு இருக்கிற வெறுப்புக்குச் சொந்தக் கதையும் உண்டு. அப்பா பின்னி மில் தொழிலாளி. 1996-ல் மில் மூடிய பிறகு சட்டைப் பையில் எப்போதும் லாட்டரிச் சீட்டு வைத்திருப்பார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள். பள்ளிக் குலுக்கல் அந்தக் கணக்கில் வருமா வராதா என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். நம்பர் போட்ட சீட்டை என் மகள் கையில் பார்த்தால் எனக்கு அப்பாவின் சட்டைப் பை ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

சிஸ்டர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். டிக்கெட்டுக்கு அச்சுக்கூலி தவிரச் செலவில்லை, மழை வந்தால் கெடாது. பள்ளியில் 180 பிள்ளைகள், ஆளுக்கு நானூறு என்றால் காகிதத்தில் 72,000 ரூபாய். போன வருஷம் வந்தது 31,000. அதில் பெரும்பகுதி பெற்றோரே தங்கள் பையிலிருந்து போட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அதற்கு ஃபீஸ் என்றே பெயர் வைத்துவிடலாம். திருவிழாவில் செலவு போக நின்றது 46,350. ஏதாவது கம்பெனியைப் பிடித்து மொத்தமாக வாங்கிவிடலாம் என்று ஒரு அப்பா சொல்கிறார். கிடைத்தால் மாடிக்கு வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மீன் விற்கிற அக்காவுக்கு அதில் என்ன வேலை?

அன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆபீஸ் ரூம் மேசையில் பெட்ஷீட் விரித்துச் சில்லறை எண்ணினோம். பத்து ரூபாய் காயின் மட்டும் ஒரு மலை. கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்று வீட்டில் தங்கிப்போன காயின் எல்லாம் அன்றைக்கு இங்கே வந்துவிட்டது. வங்கியில் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று சிஸ்டர் சிரித்தார். சில காயின்களில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது, அஞ்சறைப் பெட்டியிலிருந்து நேராக வந்தவை.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் திங்கள்கிழமை அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மூன்று சீட்டுக்கான அறுபது ரூபாயையும் மஞ்சள் புத்தகத்தையும் மேசையில் வைத்தேன். மீதியை நான் வாங்கப் போவதில்லை, மகளும் விற்கப் போவதில்லை என்றேன். பலகையில் இருக்கும் பெயர்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள் என்றேன். அடுத்த வருஷம் இரண்டு திருவிழா வைக்கலாம், தீபாவளிக்கு முன்னால் ஒன்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் முன்னால் ஒன்று, கரண்டி பிடிக்க ஆள் கொண்டுவருவது என் பொறுப்பு என்றேன். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது, ஆயாம்மா கதவருகே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சிஸ்டர் பதில் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துச் சீட்டுகளை எண்ணத் திருப்பினார். தாள்களுக்கு நடுவிலிருந்து ஏழெட்டு அரிசி மேசை மேல் உதிர்ந்தது. ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"இட்லி அரிசியா, சாப்பாட்டு அரிசியா?"

"சாப்பாட்டு அரிசி, சிஸ்டர். ரேஷன்."

வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, நாலாம் வகுப்பு டீச்சரைக் கொஞ்சம் வரச் சொல்லும்படி ஆயாம்மாவிடம் சொன்னார்.