சக்கரம் தொங்கினாலும் ஸ்பிரிங்கின் அழுத்தம் போவதில்லை

“காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் காயில் ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்துவிடும், ஆகவே ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) உச்சியிலுள்ள நடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமலே கழற்றலாம்” என்று, வீட்டிலேயே ஷாக் அப்சார்பர் மாற்ற விரும்புவோரிடையே ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு, உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

மாக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், ஸ்பிரிங் தன் இயல்பான நீளத்தைவிடக் குறுக்கப்பட்ட நிலையிலேயே கீழ்த்தட்டுக்கும், ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்ட்டுக்கும் இடையே பொருத்தப்படுகிறது. சக்கரம் தொங்கும்போது வண்டியின் பாரம் மட்டுமே நீங்குகிறது. ஷாக்கின் தண்டு முழுவதும் நீண்ட பின் ஸ்பிரிங் மேலும் விரிய இடமில்லாததால், எஞ்சிய அழுத்தம் முழுவதையும் அந்த ஒரு நட்டே தாங்கி நிற்கிறது. அதைக் கழற்றினால் மவுண்ட்டும் ஸ்பிரிங்கும் முகத்தை நோக்கிப் பாயலாம்.

ஸ்ட்ரட்டை முழுதாக வெளியே எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கம்ப்ரஸர்களை மாட்டி, கை ஸ்பேனரால் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து அசைவதைக் கண்ணால் கண்ட பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். மரை தேய்ந்த கம்ப்ரஸரை, இரவல் கிடைத்தாலும், நான் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். ஸ்பிரிங்கோடு பூட்டியே விற்கப்படும் முழு ஸ்ட்ரட்டை வாங்குவோருக்கு இந்த வேலை இல்லை. ஆனால் பழையதைக் கழற்றும்போது அவர்களும் மேற்பக்கத்தில் மவுண்ட்டைச் சுற்றியுள்ள நட்டுகளை மட்டுமே அவிழ்க்க வேண்டும், நடு நட்டைத் தொடக் கூடாது.