அன்னம்மாள் கோயிலையும் செரோக் தோக்குன் கல்லையும் போட்டுக் குழப்பாதீர்கள்

ஜூலை பிறந்தால் போதும், மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜம் ஊரிலுள்ள அன்னம்மாள் கத்தோலிக்கக் கோயிலைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். கோயில் வளாகத்தில் ராஜேந்திர சோழனின் தமிழ்க் கல்வெட்டாம், யாரோ மறைத்துவிட்டார்களாம். கல் இருப்பது உண்மை. மீதியெல்லாம் கைச்சரக்கு.

கோயில் வளாகத்தில் இருக்கும் அந்தச் செரோக் தோக்குன் கல் ஒரு பெரிய கருங்கற்பாறை. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைக் கண்டு பதிவு செய்தார். எழுத்து பல்லவ எழுத்து, மொழி சமஸ்கிருதம். 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது என்று கணிக்கிறார்கள். ராஜேந்திரனின் கடாரப் (இன்றைய கெடா) படையெடுப்போ 1025இல். இடையே நானூறு ஆண்டுகளாவது இருக்கிறது! சோழனை இழுத்தால்தான் நமக்குப் பெருமை என்று நினைப்பவர்கள், அதற்கும் முன்பே தென்னிந்திய எழுத்து இந்த மலையடிவாரம் வரை வந்துவிட்டதை ஏன் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான இதே செபராங் பிறை வட்டாரத்தில் 1834இல் லோ கண்டெடுத்த இன்னொரு கல்லில் புத்தகுப்தன் என்ற மகாநாவிகனின் பெயர் இருக்கிறது. அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்காரர்களின் காலம் அது.

கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போங்கள். எழுத்துகள் ஆழமில்லாமல் தேய்ந்து கிடக்கின்றன. வெயில் சாய்ந்து விழும்போதுதான் கோடுகளில் நிழல் தங்கும். உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும், "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிவிடுவீர்கள். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில், பாறையை ஒட்டிப் பிடித்தாலும் ஓரளவு தெரியும். சாக்பீஸ், மாவு, கரி எதையும் தேய்க்காதீர்கள். தூள் துளைகளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் அதைத் துடைக்கத் துடைக்க எழுத்தின் விளிம்புதான் போகும்.

கோயிலின் கதை வேறு. கெடாவிடமிருந்து 1800இல் பிரிட்டிஷார் கைக்கு வந்த கரை இது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள். ஹக்கா சீனக் கத்தோலிக்கரும் இந்தப் பக்கம் குடியேறினார்கள். இந்த இரு கூட்டத்துக்கும் பொதுவாக, 1846இல் பிரெஞ்சு மறைப்பணியாளர் கூலான் குன்றின் மேல் முதல் சிற்றாலயத்தை எழுப்பினார். இன்று நாம் பழைய கோயில் என்று சொல்வது சொரேன் சுவாமி காலத்தில் 1888இல் கட்டியது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு போர் நடந்த அவசரகாலத்தில் (1948-60) இந்த இடம் அவர்கள் நடமாடும் 'கறுப்புப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டு, சுற்றியிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மினாங்கபாவ் பாணிக் கூரையோடு நிற்கும் பெரிய கோயில் 2002இல் வந்தது. 2019இல் பசிலிக்கா தகுதி கிடைத்தது. பெரும்பாலோர் அந்தப் புதுக் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, சாப்பாட்டுக் கடைப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். 1888ஆம் ஆண்டுக் கட்டடத்தைப் பார்க்காமல் வருவது அநியாயம்.

புராணம் வேண்டுமென்றால், இயேசுவின் தாய் மரியாவைப் பெற்ற அன்னம்மாளின் கதையே போதுமே. நான்கு நற்செய்திகளிலும் அவர் பெயர் கிடையாது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, யாக்கோபின் பெயரில் வழங்கும் ஒரு நூலில்தான் வருகிறது. பிள்ளையில்லாதவன் என்று எருசலேம் கோயிலில் அன்னம்மாளின் கணவர் சுவக்கீனின் காணிக்கையைத் தடுக்கிறார்கள். அவர் பாலைநிலத்துக்குப் போய் நாற்பது நாள் நோன்பிருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில் அன்னம்மாள் மரத்திலிருக்கும் குருவிக்கூட்டைப் பார்த்து, இந்தப் பறவைகளுக்குள்ள பேறு எனக்கில்லையே என்று அழுகிறார். பிறகு வானதூதர் வருகிறார், மரியா பிறக்கிறார். பிள்ளை வரம் கேட்டுக் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பூமாலையோடு இங்கே வந்து நிற்பதற்கு வேர் இந்தக் கதையில்தான். இதற்குமேல் சோழனும் எதற்கு?

திருநாள் ஜூலை 26. அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். தமிழ்த் திருப்பலிக்குத் தனி நேரம் உண்டு, அந்தந்த ஆண்டு அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்திப் பவனி இரவில் ஜாலான் கூலிம் முழுக்க அடைத்துக்கொள்ளும். கார் எடுத்தால் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குப் பொறுமை வேண்டும். கோலாலம்பூர்க்காரர்கள் இடிஎஸ் ரயிலில் புக்கிட் மெர்தாஜம் நிலையத்திலேயே இறங்கலாம், பட்டர்வொர்த் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பினாங்குத் தீவிலிருந்து வருபவர்கள் பெர்ரியில் கடந்து பட்டர்வொர்த்தில் கொமியூட்டர் ரயில் பிடித்தால் போதும். பெரியவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போவதானால் 26ஆம் தேதியை விட்டு நவநாளில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள்.

மெழுகுவர்த்தியைக் கட்டாக ஏற்றாதீர்கள். சுவாலை ஒன்றோடொன்று சேர்ந்து உயரும், பக்கத்து மெழுகு வளைந்து சாயும், உருகியது தரையில் வழிந்து பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒன்றை நட்டாலே அன்னம்மாளுக்குத் தெரியும்.