ஆஸ்டியோகிளாஸ்ட்டை வில்லனாக்க வேண்டாம்

எலும்புத் தேய்மானத்தைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள்தான் அதற்குக் காரணம் என்று முடிகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய எலும்பைக் கரைக்க அவை இல்லாவிட்டால் எலும்பு அடர்த்தியாகிக்கொண்டே போய், கடைசியில் எளிதில் முறியும், மஜ்ஜைக்கும் இடமிருக்காது. ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நடப்பது இதுதான்.

அந்தச் செல் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. அதன் மேற்பரப்பில் ராங்க் என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் புரதம், இருக்கிறது. ராங்க்-எல் என்ற சமிக்ஞைப் புரதம் வந்து அதில் ஒட்டினால் செல் முதிர்ந்து வேலை செய்கிறது, சாகாமல் தாக்குப்பிடிக்கிறது. அந்தச் சமிக்ஞை நின்றுபோனால் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ராங்க்-எல்லை வழியிலேயே மடக்குவது ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற புரதம், 1997-இல் கண்டறியப்பட்டது. இதுவும் ஏற்பி வகைதான், ஆனால் செல் சவ்வில் பதியாமல் வெளியே திரியும் போலி ஏற்பி. செல் மரணத்தைத் தூண்டும் டிரெயில் என்ற புரதத்தையும் இதுவே பிடித்துவைக்கும் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்!

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். ஃபாஸ் என்ற, செல்லைச் சாகத் தூண்டும் ஏற்பியின் வழியாக அது ஆஸ்டியோகிளாஸ்ட்டின் ஆயுளைக் குறைப்பதை எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் எலும்பு வேகமாகக் குறைவது ஏன் என்பது இதிலிருந்து ஓரளவு புரியும்.

அப்புறம், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெனோசுமாப் ஊசி. 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் இந்த மருந்து ராங்க்-எல்லைத் தடுக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் இதை நிறுத்திவிடாதீர்கள். அடங்கியிருந்த கரைப்பு வேலை மொத்தமாகக் கிளம்பி, முதுகெலும்பில் ஒரே சமயத்தில் பல முறிவுகள் வரலாம். இந்த எச்சரிக்கையைக் கட்டுரையிலேயே சேர்த்துவிடுங்கள்.