வெளிநாட்டில் வீடு வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு

துபாயில் பிளாட், ஐரோப்பாவில் வீடு, கூடவே விசாவும் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் புதுச்சேரி லாஸ்பேட்டை மனையை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போகலாமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரம் வேறு, தங்குகிற உரிமை வேறு. பணம் இருந்தால் பத்திரம் கிடைக்கும். தங்குவதற்கு அந்த ஊர் அரசாங்கம் மனது வைக்க வேண்டும். அரசியல் மாறினால் முதலில் கை வைப்பது அதில்தான்.

பிரிட்டன்காரர்களைப் பாருங்கள். ஸ்பெயினிலும் பிரான்சிலும் வீடு வாங்கி வைத்தவர்கள் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதும், 2020 டிசம்பர் 31 வரை கொடுத்த அவகாசமும் முடிந்தது. வீட்டை யாரும் பிடுங்கவில்லை. வரி நோட்டீஸ் ஒழுங்காக வருகிறது! ஆனால் அங்கே குடியிருப்பு உரிமை வாங்காதவர்கள், விசா இல்லாமல் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. குளிர்காலம் முழுக்க அங்கேயே கழிக்கலாம் என்று வாங்கியவர், சொந்த வீட்டில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நம் புதுச்சேரிக்கு இது புதுக்கதையா என்ன? 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. அதற்காக இரு நாடுகளும் 1956-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே இருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றைக்கே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு பிரான்சுக்குப் போனவர்களின் பிள்ளைகள், தாத்தா கட்டிய வீட்டைப் பார்க்க விசா எடுத்துக்கொண்டு வந்தார்கள். (கடலூர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பிரிட்டிஷ்காரன் போகும்போது யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.)

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசாங்கம் கொடுக்கும் ஓசிஐ கார்டு வந்த பிறகு பாதி சிரமம் தீர்ந்தது. பாரிசில் இருப்பவர் முத்தியால்பேட்டையில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். பாகூர் பக்கம் நஞ்சை நிலம் வாங்க முடியாது, பண்ணை வீடும் கூடாது. வாரிசாக வந்தால் சரி. அதனால் சொந்தக்காரர் பெயரில் வாங்கிப் போடுகிறார்கள். அப்புறம் அந்தச் சொந்தக்காரர் பட்டாவை எடுத்து நீட்டும்போது பேச்சு வராது. அடுத்தவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமி சட்டம் வேறு காத்திருக்கிறது.

விசாவுக்காகவே வீடு வாங்குவது இன்னும் மோசம். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் விசா என்று அழைத்த ஸ்பெயின், 2025 ஏப்ரல் 3-ஓடு அதை நிறுத்திவிட்டது. போர்ச்சுகல் 2023-லேயே வீட்டு வழியை அடைத்தது. கனடாவோ 2023 ஜனவரி முதல் வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கே தடை போட்டு, சில விலக்குகளோடு 2027 தொடக்கம் வரை நீட்டியிருக்கிறது. உள்ளூர்க்காரனுக்கு வீட்டு விலை எட்டவில்லை, வெளிநாட்டுக்காரனுக்கு ஓட்டு இல்லை. அப்புறம் எந்த அரசாங்கம் யார் பக்கம் பேசும்? அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நம் ஊர் ஒயிட் டவுனில் வீட்டு விலையைக் கேட்டுவிட்டு நாம் பேசாத பேச்சா?

அதனால் ஏஜெண்டிடம் சதுர அடி விலை கேட்கும் முன், விசா ரத்தானால் இந்த வீட்டை யாருக்கு விற்கலாம், வாடகைக்கு விடலாமா, விற்ற பணத்தை எப்படி வெளியே எடுப்பது என்று கேளுங்கள். விசாவே கிடைக்காது என்றாலும் அந்த வீடு உங்களுக்கு வேண்டுமா என்று வீட்டிலும் பேசிக்கொள்ளுங்கள். இங்கிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம், அதுவும் வங்கி வழியாக. கிரெடிட் கார்டைத் தேய்த்து அட்வான்ஸ் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு வருமான வரிக் கணக்கில் அந்தச் சொத்தைக் காட்ட மறக்காதீர்கள். காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட 2015-லிருந்தே சட்டம் இருக்கிறது.