நாணலையும் சேர்த்து எடுங்கள்

போன வாரம் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்தில் அத்தை வீட்டுக்குப் போனபோது என் கேமராவில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். மவுண்ட் மோர்லேண்ட் சதுப்பின் கரையில் இரண்டு இரவுகள் குந்தியிருந்து எடுத்தது. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை, பெண். முழுதாக வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். திரை நிறைய அந்தப் பச்சை உடம்பையும் பொன் கண்ணையும் பார்த்த அத்தை, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இவ்வளவு லட்சணமாக இருக்கிறதே, இது எங்கே இருக்கும்?"

அவர் வீட்டுக்குப் பின்னால் நாணல் மண்டிய பள்ளம் ஒன்று உண்டு. தெருவே அதைக் கொசுக்குழி என்றுதான் சொல்லும். மண் கொட்டி நிரப்பக் கேட்கும் மனுவில் அத்தையின் கையெழுத்தும் இருக்கிறது.

இந்தத் தவளையின் குரல் மிக மெல்லியது, ஏதோ பூச்சி கிறீச்சிடுவது போல. உரக்கக் கத்தும் மற்ற தவளைகளுக்கு நடுவே நம் காதில் விழாது. காதில் விழாததைக் கண்ணுக்காவது காட்டத்தான், சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்ரோ லென்ஸ் வேண்டியிருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் தவளையைப் பிடித்து வந்து, அழகான இலைமேல் உட்கார வைத்து, பின்னணியைக் கறுப்பாக்கி எடுக்கும் படங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. கொசு மருந்து பூசிய கையால் தொடுவதே அதற்குக் கேடு. அந்தத் தோல் பட்டதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அத்தை கேட்ட கேள்விக்கும் அப்படிப்பட்ட படத்தில் பதில் இருக்காது.

மேக்ரோவில் தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். கண்ணைப் பிடித்தால் கால் மங்கிவிடும். ஆகவே சற்றுப் பின்வாங்கி, அது பற்றியிருக்கும் தண்டும் கீழே நீரும் தெரிய இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும். நீருக்கு மேலே நிற்கும் செடிகளில்தான் இது முட்டையிடுகிறது. பொரிந்த தலைப்பிரட்டைகள் நேராக நீரில் விழுகின்றன. நாணலை வெட்டினாலும் போயிற்று, நீரை வடித்தாலும் போயிற்று.

நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்துக் கடற்கரையை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. அந்தச் சதுப்புகளை வடித்துத்தான் கரும்பு நட்டார்கள். பின்னர் வீடுகளும் சாலைகளும் வந்தன. 1860இல் ட்ரூரோ கப்பல் தொடங்கி நம் முன்னோரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்ததும் அதே கரும்புதான். வாய்க்கால் வெட்டிய கைகளில் என் கொள்ளுத்தாத்தாவின் கையும் இருந்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஒப்பந்தக் கூலியை யார் கேட்டார்கள்? இன்று நம்மைக் கேட்கிறார்கள், மனுவை நீட்டி.

ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சிசாலையில் இந்தத் தவளைகளை இனப்பெருக்கம் செய்து நம் பக்கத்துச் சதுப்புகளில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அருமையான வேலை. விடுவதற்குச் சதுப்பு மிஞ்ச வேண்டுமே.

"நம் பள்ளத்திலும் இருக்குமா?" என்று கேட்டார் அத்தை.

"தெரியாது அத்தை, யாரும் இறங்கிப் பார்த்ததில்லை."

"பார்க்காமலா கையெழுத்துப் போட்டேன்?"

அடுத்த மழை விட்ட இரவில் இருவரும் டார்ச்சோடு பின்பக்கம் போவதாக இருக்கிறோம்.