12 மீட்டர் என்பது படகின் நீளம் அல்ல

1983-ல் ‘அமெரிக்கா கோப்பை’ பாய்மரப் படகுப் போட்டியை வென்ற ஆஸ்திரேலியப் படகைப் பற்றி, “ஆஸ்திரேலியா-2 வெறும் 12 மீட்டர் நீளப் படகு, அமெரிக்கப் படகைவிடச் சின்னது, அதனால்தான் ஜெயித்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ‘12 மீட்டர்’ என்பது பந்தயப் படகுகளில் ஒரு வகுப்பின் பெயர். நீளம், சுற்றளவு வித்தியாசம், பாய்ப் பரப்பின் வர்க்கமூலம் எல்லாம் கூட்டி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள பக்க உயரத்தைக் கழித்து, 2.37-ஆல் வகுத்தால் வரும் விடை 12-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். உண்மையில் அந்தப் படகு சுமார் 19 மீட்டர். எதிரில் ஓடிய அமெரிக்கப் படகு லிபர்ட்டியும் இதே வகுப்புதான்.

1983-ல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் நடந்த அந்தப் போட்டியில் வித்தியாசம் காட்டியது அடிக்கட்டை (கீல்), அதாவது படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் கனமான பகுதி. ஆஸ்திரேலியா-2-ஐ வடிவமைத்த பென் லெக்சன் அதன் கீழ்முனையில் இரண்டு இறக்கைகள் வைத்தார். கரையில் தூக்கும்போதெல்லாம் துணி கட்டி மறைத்தார்கள். அப்புறம், சுலபமான வெற்றியும் இல்லை: 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று வென்றார்கள். அமெரிக்காவிடம் 132 வருடம் இருந்த கோப்பை அது!