வெறுங்கையோடு வந்தவர்கள்

கேப்டவுன் பக்கம் சுற்றுலா போயிருக்கும் அண்ணன் மகன், ஸ்டெல்லன்போஷ் ஒயின் தோட்டங்களைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். கீழே ஒரு வரி: "வெறுங்கையோட வந்தவங்க சித்தப்பா, உழைச்சே இப்படி ஆகியிருக்காங்க!"

வெறுங்கை சரிதான். உழைப்பில்தான் எனக்குச் சந்தேகம்.

அங்கே குடியேறிய ஐரோப்பியர்களில் மார்ட்டின் மெல்க் என்றொருவர். பிரஷ்யாக்காரர். 1746இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாதாரண சிப்பாயாகக் கேப்பில், அதாவது கேப்டவுனை ஒட்டிய டச்சுக் காலனியில், வந்து இறங்கினார். அப்புறம் ஸ்டெல்லன்போஷ் பக்கத்து எல்சன்பர்க் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பண்ணைக்காரர் இறந்துபோக, 1752இல் அவருடைய விதவையைக் கட்டிக்கொண்டார். 1781இல் சாகும்போது காலனியின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 200 அடிமைகளுக்கு மேல் வைத்திருந்தார்.

உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏணி அந்தக் கல்யாணம்தான். டச்சுச் சட்டப்படி தம்பதியின் சொத்து பொதுச்சொத்து. புருஷன் போனால் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு, மகளுக்கும் சமபங்கு. அதனால் பண்ணையுள்ள விதவையை அதிக நாள் தனியாக இருக்க விடமாட்டார்கள். அதே சட்டம் இறங்குமுகத்துக்கும் வழி செய்தது. எட்டுப் பிள்ளை இருந்தால் திராட்சைத் தோட்டம் என்ன ஆகும்? பங்கு போதாதவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்க் கம்பெனியிடம் குத்தகை நிலம் வாங்கினார்கள். அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய்கோய் மக்கள் மாடு மேய்த்த நிலம். 1713இல் வந்த பெரியம்மையில் அவர்கள் கொத்துக்கொத்தாக மடிந்திருந்தார்கள்.

யார் ஏறினார், யார் இறங்கினார் என்பதைக் கம்பெனியின் வரிப்பதிவேட்டிலேயே வருஷாவருஷம் பார்க்கலாம். குடும்பத்தலைவன் பெயர், எதிரே குதிரை, மாடு, ஆடு, திராட்சைக்கொடி, விதைத்த கோதுமை, அறுத்த கோதுமை. (குறைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். வரிக்காரனிடம் எவன் உள்ளதைச் சொன்னான்?) அதே வரிசையில் அடிமைகளும், வெறும் எண்ணிக்கையாக. பெயர் வேண்டுமென்றால் விற்பனைப் பத்திரங்களைப் புரட்ட வேண்டும். பெயருக்குப் பின்னால் ஊர் இருக்கும்: வங்காளம், மலபார், மடகாஸ்கர். நம் சோழமண்டலக் கரையும் உண்டு.

அடிமைகளிலிருந்தும் ஓரிருவர் ஏறினார்கள். வங்காளத்து ஆஞ்சலா, கேப்பின் முதல் டச்சுத் தலைவர் வான் ரீபெக்கின் வீட்டில் அடிமையாக இருந்தவர். 1666இல் விடுதலை, அடுத்த வருஷமே கேப்டவுனில் ஒரு மனை, பிறகு ஒரு வெள்ளைக்காரருடன் கல்யாணம். 1720இல் வசதியாகவே இறந்தார். அவரும் அடிமைகள் வைத்திருந்தார். அதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை எனக்கு.

இவ்வளவையும் குழுவில் தட்டினேன். "சரி சித்தப்பா, போட்டோ எப்படி?" என்கிறான்.

போட்டோ நல்லாத்தான் இருக்கு.